மூழ்கிய கப்பலும் மூழ்காத உண்மையும்

பரணி என்னும் பிரபந்தத்துக்குத் தோற்றவர் பெயரையே சூட்டுவது தமிழ் மரபு. குலோத்துங்கன் படை கலிங்கத்தை வென்றது. செயங்கொண்டார் பாடிய நூலுக்குக் கலிங்கத்துப்பரணி என்றே பெயர். ஆயினும் அந்நூலிற் பாடப்படுவது வென்றவன் புகழேயன்றித் தோற்றவன் துயரம் அன்று. தோற்றவன் தன் தோல்வியைத் தானே எழுதினால் அந்நூல் எவ்வாறிருக்கும்? இவ்வினாவுக்கு விடையாகக் கொள்ளத்தக்க நூலொன்றை அண்மையில் நாம் படித்தோம். அதனைத் தமிழ் வாசகர்க்கு அறிமுகஞ் செய்வதும், அதன் நிறைகுறைகளை நடுநிலை நின்று ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலாசிரியர் யோஷிதா மிட்சுரு என்னும் ஜப்பானியர்; 1923-ம் ஆண்டிற் பிறந்தவர். தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றுகொண்டிருக்கையிற் கடற்படைக்கு அழைக்கப்பட்டு, 'யமாட்டோ' என்னும் போர்க்கப்பலில் ராடார்ப் பகுதியின் உதவி அதிகாரியாக அமர்ந்தார். 1945-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி அக்கப்பல் மூழ்கிற்று. இவர் பிழைத்தார். போர் முடிந்த அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், நாவலாசிரியர் யோஷிகாவா எய்ஜி தூண்டியதன்பேரில், தாம் கண்டவற்றை எழுதினார். 'யமாட்டோ போர்க்கப்பலின் இறுதி' என்பது நூலின் பெயர். ரிச்சர்ட் மைனியர் 1985-ம் ஆண்டு வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே நாம் இதனைப் படித்தோம். ஜப்பானிய மொழியை நாம் அறியோம். ஆதலின் மூலத்தின் சொல்நயம் பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கில்லை. பொருளைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு.

குவாந்தான் கடலில் ஒரு முன்னுரை

ஜப்பானியர் கப்பலைப் பற்றி மலாயாத் தமிழர் ஏன் ஆராய வேண்டும் என்று அன்பர்கள் வினவலாம். இக்கப்பலின் கதைக்கு முன்னுரை எழுதப்பட்டது நம் நாட்டுக் கடலிலே. 1941-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, குவாந்தானுக்கு அப்பால், பிரிட்டிஷாரின் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெருங் கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மூழ்கடித்தன. மாண்டோர் 840 பேர். சுட்டு வீழ்த்தப்பட்ட ஜப்பானிய விமானங்கள் மூன்றே. வானத்திற் காவலின்றிச் செல்லும் கப்பல், எத்துணைப் பெரிதாயினும், விமானத்துக்கு இரை என்பதை உலகுக்கு மெய்ப்பித்தவர் ஜப்பானியரே.

மெய்ப்பித்த ஆறாம் நாள், டிசம்பர் 16-ந் தேதி, உலகிலேயே மிகப் பெரிய போர்க்கப்பலாகிய யமாட்டோவை அவர்கள் தங்கள் கடற்படையிற் சேர்த்துக்கொண்டனர். முழுப் பளுவோடு அதன் எடை ஏறக்குறைய 72,000 டன். 46 சென்டிமீட்டர் வாயகன்ற பீரங்கிகள் ஒன்பது. ஆண்டுகள் பலவாகக் கட்டிய கப்பலை ஆறு நாளிற் கைவிடுதல் எளிதன்று, அதனை ஒப்புகிறோம். ஆனால் பிறர்க்குக் கற்பித்த பாடத்தைத் தாம் கல்லாது விட்டவர்க்கு அப்பாடம் வேறு விலையில் திரும்பி வரும்.

1945 ஏப்ரல் முதல் தேதி அமெரிக்கர் ஒக்கினாவாவில் இறங்கினர். 6-ந் தேதி யமாட்டோ அத்தீவை நோக்கிப் புறப்பட்டது. உடன் சென்றவை ஒரு குரூசரும் எட்டு நாசகாரிக் கப்பல்களும். மறுநாள் நண்பகலில் அமெரிக்க விமானங்கள் வந்தன. அலையலையாக வந்தவை முந்நூற்றுக்கு மேல். ஜப்பானியர்க்கு விமானக் காவல் இல்லை. பதினொன்றுக்குக் குறையாத டார்பிடோக்கள் பாய்ந்தன. பிற்பகல் 2 மணி 23 நிமிஷத்துக்குக் கப்பல் கவிழ்ந்து வெடித்தது. இங்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரமே. கப்பலில் இருந்தோர் 3,300-க்கு மேல். பிழைத்தோர் 300-க்கும் குறைவு. அமெரிக்கர் இழந்தவை 10 விமானங்கள், 12 உயிர்கள்.

ஆணையும் அறிவும்

இந்நூலின் முதற் சிறப்பு அதன் அடக்கம். அரசாங்கக் கட்டளைகளும் இராணுவ அறிக்கைகளும் எழுதப்பெற்ற பழைய செந்நடையில் ஆசிரியர் இதனை இயற்றினார் என்பர். மொழிபெயர்ப்பிலும் அத்தன்மை புலனாகிறது. வாக்கியங்கள் குறுகியவை. நேரம், திசை, சாய்வின் அளவு, மாண்டவர் பதவி, அவர்தம் வீட்டு நிலை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கண்ணீர் விடும்படி ஆசிரியர் நம்மை வேண்டவில்லை. தம் ராடார் அறையிற் குண்டு விழுந்த செய்தி கேட்டு, மேடையிலிருந்து இறங்கிச் சென்று பார்க்கிறார். காலையில் உடனிருந்த தோழர்கள் ஆளடையாளம் தெரியாத சிதறலாய்க் கிடக்கின்றனர். அவ்வேளையிற் காவல் முறை தமக்கு மேடையில் வாய்த்திராவிடில் தாமும் அச்சிதறலில் ஒரு பகுதியே என்று அறிகிறார். மீண்டும் மேடைக்கு ஏறுகிறார். இவ்வளவே. வேறொருவர் இதனைக் கொண்டு பத்துப் பக்கம் புலம்பியிருப்பார்.

இரண்டாவது சிறப்பு, சாகப் போகின்றவர் சாவைப் பற்றி வாதாடிய செய்தியை மறையாது எழுதியமை. கப்பலின் இளம் அதிகாரிகளில் இரு வகுப்பினர் இருந்தனர். கடற்படைக் கல்லூரியிற் பயின்றவர் ஒரு வகுப்பு; ஆசிரியரைப் போன்று பல்கலைக்கழகத்திலிருந்து அழைக்கப்பட்டவர் மற்றொரு வகுப்பு. நாட்டுக்கும் சக்கரவர்த்திக்கும் உயிர் கொடுத்தல் ஒன்றே போதும் என்றனர் முன்னவர். அது போதாது, நம் சாவினால் விளையும் பயன் யாது என்று வினவினர் பின்னவர். வாய்ச்சண்டை கைகலப்பாயிற்று. விலக்கியவர் உசுபுச்சி என்னும் லெப்டினன்ட், வயது இருபத்தொன்று. முன்னேற்றத்தை மதியாத நாடு வெல்லாது. ஜப்பான் தோற்றுத்தான் விழிக்க வேண்டும். அவ்விழிப்புக்கு முன்னோடியாகச் சாவதே நம் பேறு என்பது அவர் விடையின் சாரம். மறுநாட் குண்டுவீச்சில் அவர் உடல் எஞ்சாது மாண்டார்.

இவ்விடையை ஜப்பானில் இன்றும் பலர் போற்றுகின்றனர். நாமும் அவ்விளைஞனின் தெளிவை வணங்குகிறோம். ஆயினும் அவ்விடை நமக்கு முழு அமைதி தரவில்லை. தன் நாடு பிழை செய்தது என்று அறிந்த ஒருவன், அவ்வறிவைக் கொண்டு சாவுக்குப் பொருள் தேடுகிறானேயன்றி, சாவைத் தடுக்க அதனைப் பயன்படுத்த வழியில்லை. பகுத்தறிவு விழித்திருக்கிறது, ஆனால் அதற்குக் கையும் காலும் இல்லை. மூவாயிரம் பேரை விதையாக நினைப்பதற்கு விதையாகின்றவனுக்கு உரிமை உண்டெனலாம். விதைக்க ஆணையிட்டவனுக்கு அவ்வுரிமை உண்டா?

மேலதிகாரிகளும் உண்மையை அறியாதவரல்லர். கப்பற்படைத் தலைவர் இத்தோ இத்திட்டத்தை முதலில் எதிர்த்தவர். பயனில்லை என்று தெரிந்தே எதிர்த்தார். நாட்டு மக்கள் அனைவரும் உயிர்விடுவதற்கு இக்கப்பல் வழிகாட்ட வேண்டும் என்று மேலிடத்துத் தூதர் வந்து சொன்ன பின்னர் இணங்கினார். பயன் பற்றிய கேள்விக்கு மானம் பற்றிய விடை வந்தது, கேள்வி அடங்கிற்று. அறிவுடையோர் பலர் கூடியும் அறிவற்ற செயலொன்று நிகழும் விதத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் நூலை நாம் படித்ததில்லை.

நீர் திறந்த கை

நூலின் நடுநாயகமான பகுதி வேறொன்று. டார்பிடோக்கள் பெரும்பாலும் கப்பலின் இடப்புறத்திற் பாய்ந்தன. கப்பல் இடப்புறம் சாய்ந்தது. சாய்வை நிமிர்த்த வலப்புற அறைகளில் நீர் நிரப்ப வேண்டும். வெற்றறைகள் நிரம்பின, போதவில்லை. ஆகவே வலப்புறத்து இயந்திர அறைகளிலும் கொதிகலன் அறைகளிலும் கடல்நீரைத் திறந்துவிட மேடையிலிருந்து ஆணை பிறந்தது. அவ்வறைகளில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தனர். அவர்கள் வெளியேற நேரமில்லை. கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தவர்களை, கப்பலைக் காப்பதற்காகக் கப்பலே மூழ்கடித்தது. காத்ததா எனின், சிறிது நேரம் காத்தது.

இவ்விடத்தில் ஆசிரியர் எவரையும் பழிக்கவில்லை, எவரையும் மன்னிக்கவுமில்லை. படிப்போர் சிலர்க்கு இது குறையாகத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் அப்போது மேடையில் நின்றவர். ஆணை பிறந்த இடத்தில் நின்றவர் பின்னாளிற் கரையில் அமர்ந்து நீதிபதியாகிப் பேசுவாராயின், அது தம்மை அவ்வாணையிலிருந்து விலக்கிக்கொள்ளும் தந்திரமாய் முடியும். அவர் விலக்கிக்கொள்ளவில்லை. இந்நூலின் நேர்மை இம்மௌனத்திலேதான் இருக்கிறது என்பது நமது துணிபு.

இங்ஙனமே மற்றொரு பகுதியும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. கலிபோர்னியாவிற் பிறந்து, கல்வியின் பொருட்டு ஜப்பான் வந்து, போரினால் திரும்ப வழியின்றிக் கடற்படையிற் சேர்ந்த இளைஞர் ஒருவர் கப்பலில் இருந்தார். எதிரியின் ஒலிபரப்பைக் கேட்டு மொழிபெயர்ப்பது அவர் வேலை. உடன்பிறந்தோர் அமெரிக்கப் படையில் இருந்தனர். இங்கே இவரை எதிரிக்குப் பிறந்தவர்போல் ஏசுவாரும் இருந்தனர். நடுநிலை நாடாகிய சுவிட்சர்லாந்தின் வழியாகத் தாயின் கடிதம் ஒன்று வருகிறது. தாங்கள் நலம் என்றும், இருவருமாகச் சமாதானத்துக்கு வேண்டுவோம் என்றும் அன்னை எழுதுகிறாள். அவர் கப்பலோடு மாண்டார். இரு நாட்டு மொழி அறிந்தவனுக்கு இரு நாட்டிலும் இடமில்லாமற் போவது குடியேறி வாழும் மக்கள் எவரும் உணரத்தக்க துயரம்.

பிழையும் வழக்கும்

நூலிற் பிழைகள் இல்லையா? உண்டு. ஒக்கினாவாவுக்குப் போய்ச் சேரும் அளவுக்கே எண்ணெய் ஏற்றப்பட்டது, திரும்பி வர இல்லை என்று ஆசிரியர் எழுதுகிறார். அவ்வாறே கப்பலில் இருந்தோர் நம்பினர். பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டது வேறு. ஏறக்குறைய 4,000 டன் ஏற்றப்பட்டது. அது திரும்பி வரவும் போதும். எண்ணெய் வழங்கும் பொறுப்பிலிருந்தோர் ஆணைக்கு மேலாகவே, கிடங்கின் அடித்தளத்திற் கிடந்ததையும் திரட்டிக் கொடுத்தனர் என்கின்றனர். சாவதற்கென்றே அனுப்பும் கப்பலுக்கும் திரும்பி வர எண்ணெய் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத கணக்கர்கள் இந்நூலில் இடம்பெறாதது, கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்குச் சிறிது வருத்தமே.

மற்றொரு பகுதி இன்னும் வழக்கிலிருக்கிறது. மீட்புப் படகொன்று நிறைந்துவிட்டபோது, விளிம்பைப் பற்றியவர்தம் மணிக்கட்டுகளைப் படகிலிருந்தோர் வெட்டினர் என்று ஆசிரியர் எழுதினார். அப்படகுக்குரிய கப்பலினர் அவ்வாறு நிகழவில்லை என மறுத்தனர். ஆசிரியர் அதனைத் தம் கண்ணாற் கண்டவரல்லர்; அவரை மீட்டது வேறு கப்பல். கண்டதையும் கேட்டதையும் ஒரே உறுதியோடு எழுதுதல் சாட்சியின் வலிமையைக் குறைக்கும். உண்மையே உயிரான நூலில் இது சிறு குறை அன்று.

நூலின் பின்வரலாறும் அறியத்தக்கது. 1946-ம் ஆண்டு இறுதியில் ஒரு சஞ்சிகையில் வெளிவர இருந்தபோது, ஜப்பானை ஆண்ட நேசநாட்டுத் தணிக்கையாளர் இதனைத் தடுத்தனர். போர் வெறியை மீண்டும் எழுப்பும் என்பது அவர்தம் அச்சம். 1949-ல் மாற்றங்களுடன் வெளிவந்தது. ஆக்கிரமிப்பு ஆட்சி நீங்கிய 1952-ம் ஆண்டிலேயே முழுநூல் வெளிவந்தது. அப்போதும் இது போரைப் போற்றும் நூல் என்று குறை கூறினோர் உளர். அன்று நாங்கள் உணர்ந்ததை உணர்ந்தவாறே எழுதினேன் என்னும் கருத்தில் ஆசிரியர் விடையளித்தார்.

இவ்வழக்கில் நாம் ஆசிரியர் பக்கமே நிற்போம். போரைப் போற்றும் நூல் கொதிகலன் அறையை எழுதாது. தடுத்தவர் ஒன்றை எண்ணிப் பார்த்திருக்கலாம்: இந்நூல் உலகில் இருப்பதே ஓர் ஆணை நீக்கப்பட்டதனால் அன்றோ? கப்பல் இனிப் பிழையாது என்று கண்ட இத்தோ, முன்னேறும் திட்டத்தைக் கைவிடச் செய்து, நாசகாரிகள் உயிருள்ளோரை எடுத்துக்கொண்டு திரும்ப வழி செய்தார். பின்னர்த் தம் அறைக்குச் சென்று கப்பலோடு மாண்டார். எட்டு நாசகாரிகளில் நான்கு திரும்பின. அவற்றுள் ஒன்றிலே யோஷிதா மீண்டார். மானத்துக்கு இணங்கிய அறிவு இறுதி நாழிகையில் ஒருமுறை ஆணையிட்டது. அவ்வாணையின் பயனே நம் கையிலுள்ள புத்தகம்.

அவர் பின்னர் ஜப்பான் மத்திய வங்கியில் வேலைக்கமர்ந்தார். 1979-ல் இறக்கும் வரை, மாண்ட தலைமுறைக்கு இந்தச் செழிப்பு யாது விடை கூறும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 2005-ல் குரே நகரில் இக்கப்பலுக்கென ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. பத்தில் ஒரு பங்கு அளவான மாதிரிக் கப்பல் அங்கே 26 மீட்டருக்கு மேல் நீண்டு நிற்கிறது. மாதிரிக் கப்பலைப் பார்ப்பவன் பீரங்கியின் அளவைக் கண்டு வியப்பான். புத்தகத்தைப் படிப்பவன் கொதிகலன் அறையை விட்டு வெளியே வரமாட்டான். இரண்டும் நினைவுச் சின்னங்களே, ஆனால் ஒன்றல்ல.

நமது வினா

இனி இந்நூலோடு நமக்குள்ள பெருங் கருத்து வேற்றுமையைச் சொல்வோம். யமாட்டோவின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது, வானம் தெரிகிறது, ஜப்பான் தெரிகிறது. மலாயா தெரியவில்லை. அக்கடற்படை எந்த ஆட்சியைத் தாங்கி நின்றதோ, அவ்வாட்சியின்கீழ் அவதியுற்ற மக்கள் எங்கும் இல்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளம் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு, 1943-ல் காட்டிலே மாண்ட ஆயிரமாயிரம் தமிழ்ப் பாட்டாளிகள் இல்லை. சாவின் பயன் யாது என்று இரவெல்லாம் வாதாடிய அவ்விளைஞர்களில் ஒருவரேனும், நாம் பிறர்க்கு விளைத்தது யாது என்று வினவியதாக நூலில் இல்லை.

இதனை ஆசிரியரின் குற்றம் என்போமா? இருபத்திரண்டு வயது இளைஞர் தாம் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை எழுதினார். தெரியாததை எழுதியிருந்தால் அது இந்நூலாகாது. ஆயினும் குறை குறையே. துயரத்துக்கு எல்லையிடும் கப்பற்சுவர் ஒன்று இந்நூலைச் சுற்றி நிற்கிறது. அச்சுவருக்கு வெளியே இருந்தவர் கதையை வெளியே இருந்தவரே எழுத வேண்டும்.

எழுதினோமா? நம் பாட்டனாரின் தந்தையார் சயாமுக்குப் போய் மீண்டவர்களில் ஒருவர். மழை நிற்கவே இல்லை என்பாராம். பக்கத்திற் படுத்திருந்தவர் விடியலில் எழவில்லை என்பாராம். அவர் பெயரென்ன என்று கேட்டால் எழுந்து லயத்துக்கு வெளியே போய்விடுவாராம். இவ்வளவே நம் குடும்பத்தில் எஞ்சியது. அவர் எழுத்தறியாதவர். ஆனால் தோட்டத்தில் எழுத்தறிந்தோர் இல்லாமலில்லை, கிராணிமார் இருந்தனர். பல தோட்டங்களிற் சயாமுக்குச் செல்வோர் பெயர்ப்பட்டியலை எழுதிக் கொடுத்த கையும் கிராணியின் கைதான். ஆணை மேலே பிறந்தது. நீர் திறந்த கை கீழே இருந்தது. இன்று காலைதோறும் பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் எழுதும் நாம், இந்நூலின் கொதிகலன் அறைப் பகுதியைப் படித்த இரவில் உறங்கவில்லை என்பதை மறைப்பானேன்?

பகைவர் நூலைப் படித்து அவர் பிணத்துக்கு இரங்குவது நம் பிணங்களுக்குச் செய்யும் துரோகம் என்பாரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கொதிகலன் அறையில் மூழ்கியவனுக்கும் காட்டில் எழாது கிடந்தவனுக்கும் ஆணையிட்ட இடம் ஒன்றே. வேறுபாடு யாதெனின், முன்னவனை எழுத ஒரு யோஷிதா இருந்தார். அவர் ஆறு மாதத்துக்குள் எழுதினார்.

போரின் கொடுமையை அறிய விரும்புவோரும், உரைநடையில் அடக்கத்தின் ஆற்றலை அறிய விரும்புவோரும் இந்நூலைப் படிக்க வேண்டும். தமிழில் இதனைப் பெயர்ப்பார் உளராயின், மூலத்திலிருந்தே பெயர்க்க முன்வருக. அதனினும் முதன்மையான பணி ஒன்றுண்டு. சயாமுக்குப் போனவர்தம் மக்களில் இன்னும் சிலர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் கேட்டது சிறிதாயினும், அடுத்துப் படுத்திருந்தவரின் பெயரேனும், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது எழுத்தறிந்தார் கடமை. கிராணிமார்க்கு அது கடனும் ஆகும்.